சாஞ்ச கற்பூர மரத்துல முதல்ல எங்க வாள் வெக்கிறது?

கேள்வி: அண்ணா வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்க ஊரு. போன வாரம் அடிச்ச ஆடிக் காத்துலயும் மழையிலயும் எங்க தேயிலைத் தோட்டத்து மேல் ஓரத்துல நின்ன பெரிய கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வேரோட சாஞ்சிருச்சு. தூர் மேல இருக்கு, உச்சி கீழ வந்து எங்க சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டாய் சீட்டு மேல கெடக்குது. மாட்டை அவுத்து வேற எடத்துல கட்டிட்டோம், யாருக்கும் அடி இல்ல. நடுமரம் ரெண்டடி கனம் இருக்கும். கொட்டாய்க்குப் போற சர்வீஸ் ஒயரும் கொப்புக்குள்ள சிக்கிக் கெடக்கு. மரம் வெட்டுற ஆளுங்க கேக்குற காசு எங்களுக்குக் கட்டாது. எங்க வீட்டுக்காரர் ஒரு பவர் சா வாங்கி வெச்சிருக்காரு, "நிக்கிற மரம்னாதான் பயம், இது படுத்த மரம்தானே, நானும் மச்சானும் ஞாயித்துக்கிழமை அறுத்துத் தள்ளிர்றோம்"னு நிக்கிறாரு. அறுக்கலாமாண்ணா? எங்க ஆரம்பிக்கணும்? பர்மிஷன் வாங்கணுமா? தூரை ஜேசிபி விட்டு எடுத்துரலாமா?

பதில்: தங்கச்சி, நடுமரத்துலயும் தூர்லயும் உங்க வீட்டுக்காரர் வாள் வெக்க வேண்டாம். கீழ தரையில சும்மா கெடக்குற சின்னக் கொப்பைக் கழிக்கிறது, இழுத்துப் போடுறது, எலைய ஒதுக்குறது இதெல்லாம் அவரும் மச்சானும் தாராளமா பண்ணலாம், அதுவும் கரண்ட்டுக்காரங்க வந்து ஒயரைக் கழட்டிட்டுப் போன பின்னாடி. ஞாயித்துக்கிழமைங்கிறத மறந்துருங்க. மாடும் வெளிய வந்துருச்சு, மனுசங்களும் பத்திரமா இருக்காங்க, இனி அந்த மரம் ஒரு வாரம் கெடந்தா ஒண்ணும் கொறஞ்சிராது.

ஏன் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்னா, இந்தத் தொழில்ல இருக்குற எங்களுக்கே நிக்கிற மரத்தை விட சாஞ்ச மரம்தான் வயித்தைக் கலக்கும். நிக்கிற மரத்துல எடை எல்லாம் நேரா கீழ எறங்குது, எந்தப் பக்கம் சாய்க்கலாம்னு பாத்து முடிவு பண்ணி அந்தப் பக்கம் ஆப்பு மாதிரி வாயி வெட்டி எறக்கலாம். சாஞ்ச மரம் எங்கயோ ஒரு எடத்துல தாங்கி, எங்கயோ தொங்கி, எங்கயோ முறுக்கிக்கிட்டு கெடக்குது, உள்ள எவ்வளவு விசை அடைஞ்சு கெடக்குன்னு வெளிய பாத்தா தெரியாது. மூங்கிலை வளைச்சுப் புடிச்சு டக்குனு கையை விட்டா என்ன ஆகும், அதைத்தான் நீங்க வாளை வெச்சு விடப் போறீங்க, மூங்கிலுக்குப் பதிலா டன் கணக்குல எடை. ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க, ரெண்டடி கனத்துல பச்சைக் கற்பூர மரம் ஒரு மீட்டர் நீளத்துக்குத் துண்டு போட்டா கிட்டத்தட்ட 300 கிலோ வரும். ஒரே ஒரு அடி நீளம்னாலும் 80, 90 கிலோ. அது உங்க தேயிலைச் சரிவுல உருள ஆரம்பிச்சா புடிச்சு நிறுத்துற ஆள் யாரும் கெடையாது, கீழ கொட்டாய், அதுக்குக் கீழ வீடு.

அதுலயும் இது கற்பூர மரம். 1843லயே நீலகிரிக்குக் கொண்டாந்த மரம் இது, பின்னாடி வெறகுக்காகத் தோட்டம் தோட்டமா நட்டாங்க, நம்ம மலையில 150 அடிக்கு மேல போனதெல்லாம் இருக்கு. வளரும்போதே உள்ளுக்குள்ள இழுவிசையோட வளர்ற மரம், அதனாலதான் அறுத்துப் போட்ட துண்டு ரெண்டு நாள்ல நுனியில நட்சத்திரமா வெடிச்சு நிக்கும், பாத்திருப்பீங்க. வளைஞ்சு கெடக்குற நேரத்துல தப்பான பக்கத்துல வாள் வெச்சா, வாள் பாதி போகுறதுக்குள்ளயே மரம் நீளவாக்குல பொளந்துகிட்டு மேல எகிறும், அது நெஞ்சு உயரத்துக்கு வரும்.

சரி, வரிசையா வர்றேன்.

முதல்ல ஒயர். அது கரண்ட் இல்லாத ஒயர்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, சித்தப்பாவே சொன்னாலும். லைன் போயிருந்தாலும் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், ஜெனரேட்டர்ல இருந்து திருப்பி கரண்ட் ஏற வாய்ப்பு இருக்கு, நனைஞ்ச பச்சை மரம் கரண்ட்டைக் கடத்தும், ஈரத் தரையும் கடத்தும். ஒரு பத்து மீட்டருக்கு யாரும் போகாம ஒரு கயிறைக் கட்டி விடுங்க, பசங்களைச் சொல்லி வைங்க. இ.பி. செக்‌ஷன் ஆபீஸ்ல சொல்லுங்க, அங்க போன் எடுக்கலன்னா மின்னகம் 94987 94987க்குப் போட்டு புகார் நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க. லைன்மேன் வந்து போஸ்ட்லயே கழட்டிட்டு "ஆஃப் பண்ணியாச்சு"ன்னு அவரு வாயால சொல்லணும். இன்னொண்ணு, சிக்குன ஒயர் வெறப்பா இழுத்துக்கிட்டு இருக்கும், சில சமயம் ஒரு கொப்பையே அந்த ஒயர்தான் தாங்கிட்டு இருக்கும், கொப்பை வெட்டுனதும் ஒயர் சாட்டையா அடிக்கும், போஸ்ட்டும் கூட ஆடும். அதனால ஒயரை முதல்ல எறக்கணும், அப்புறம்தான் கொப்பு.

பர்மிஷன் விசயம். நம்ம மலைப்பகுதிக்குன்னே 1955ல போட்ட சட்டம் இருக்கு, தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பட்டா நிலத்துல நிக்கிற மரமா இருந்தாலும் கேக்காம வெட்டக் கூடாது. காத்துல தானா சாஞ்சதுதானேன்னு நீங்க நினைப்பீங்க, சரிதான், ஆனா அறுத்துத் துண்டு போட்ட பின்னாடி அது தானா சாஞ்சதா நீங்க சாய்ச்சதான்னு யாரு சொல்றது? அதனால வாள் படுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுங்க, வேரோட பிடுங்கி நிக்கிறது நல்லா தெரியுற மாதிரி, கொட்டாய் மேல கெடக்குறது தெரியுற மாதிரி, தேதி வர்ற மாதிரி. வி.ஏ.ஓ.கிட்ட காட்டி எழுதிக் குடுங்க, கொட்டாய் சேதத்துக்கும் அதே நாள்ல ஒரு மனு குடுத்துருங்க, சித்தப்பா பேர்ல. அப்புறம் பாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்ல ஒரு தகவல் மனு, கையெழுத்தும் சீலும் போட்ட நகல் கையில இருக்கணும். கட்டையை விக்கிறதா இருந்தா லாரியில ஏத்துறதுக்குத் தனியா பாஸ் வேணுமான்னு அங்கயே கேட்டுக்கோங்க, மரம் கொண்டு போறதுக்குன்னு 1968 விதிகள் இருக்கு, செக்போஸ்ட்ல நின்னு முழிக்க வேண்டாம். மறுபடி காத்து ஏறி, மரம் நகர ஆரம்பிச்சு, வீட்டு மேல வர்ற நிலைமைன்னா இந்த மனுவெல்லாம் அப்புறம், நேரா 101 இல்லன்னா 112, மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077, தீயணைப்புல பவர் சா வெச்சிருக்காங்க, உசுருக்கு ஆபத்துன்னா வந்துருவாங்க.

இனி மரத்துக்கு வர்றேன். இதை வீட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுங்க, அறுக்கச் சொல்லிக் குடுக்கிறதுக்கு இல்ல, வர்ற ஆளு ஒழுங்கா அறுக்குறானான்னு பாக்குறதுக்கு.

உங்க மரத்துல மூணு எடம் தாங்குது. மேல தூர், கீழ கொட்டாய், நடுவுல தரையில குத்திக்கிட்டு நிக்கிற கொப்புங்க. எல்லாரும் பண்ற வேலை என்னன்னா, தூர்கிட்ட நின்னு நறுக்குனு ஒரு அறுப்பு போட்டா மரம் தனியா வந்துரும், அப்புறம் சாவகாசமா துண்டு போடலாம்னு நினைக்கிறது. அதுதான் கடைசியா பண்ண வேண்டிய அறுப்பு. அந்த வேருதான் மொத்த மரத்தையும் சரிவுல புடிச்சுக்கிட்டு இருக்கு, அதை முதல்ல விட்டா மரம் முழுசா கீழ வழுக்கிட்டு வந்து கொட்டாயைத் தாண்டிப் போகும், பட்டை உரிஞ்ச கற்பூர மரம் மழையில எவ்வளவு வழுக்கும்னு சொல்லணுமா என்ன. அதனால வேலை நுனியில ஆரம்பிச்சு மேல பாத்து ஏறணும்.

ஆனா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, நல்லா கவனிங்க. கொப்பும் உச்சியும் கழிய கழிய கீழ் பக்கத்து எடை குறையும்ல, அப்ப மேல செவுரா எந்திரிச்சு நிக்கிற வேரும் மண்ணும் தானாவே பழைய குழிக்குள்ள திரும்பி விழும். யாரும் தொடாமலே, மெஷின் நிறுத்தி டீ குடிக்கிற நேரத்துலயும் விழும். அந்தத் தூர் மண்ணோட சேந்து டன் கணக்குல எடை இருக்கும். அந்தக் குழியில எட்டிப் பாக்குறது, வேருக்குள்ள போயி போட்டோ எடுக்கிறது, பசங்க அதுல எறங்கி வெளையாடுறது இதெல்லாம் இந்த நிமிசத்துல இருந்து வேண்டாம். உலகம் பூரா இப்படி உசுரு போயிருக்கு, வேடிக்கை பாத்த ஆளுங்களும் சேத்து. வர்ற ஆளு முதல் கொப்புல கை வெக்கிறதுக்கு முன்னாடியே தூரை ஒரு இரும்பு வடம் போட்டு மேல் பக்கத்துல இருக்குற உறுதியான உசுரு மரத்துல இழுத்துக் கட்டணும். உங்க தோட்டம் சரிவு ஜாஸ்திங்கிறதால அது குழிக்குள்ள விழாம, மரத்தை விட்டதும் கீழ் பக்கம் கவுந்து மரத்தைத் துரத்திக்கிட்டே உருளவும் வாய்ப்பு இருக்கு, வடம் ரெண்டுக்கும் சேத்துதான். "வடமெல்லாம் எதுக்குங்க, பாத்துக்கலாம்"னு சொல்ற ஆளை அப்படியே டீ குடுத்து அனுப்பி வைங்க.

தூரை அறுக்கும்போதும் ஒட்ட அறுக்கக் கூடாது. ஒரு பத்துப் பன்னெண்டு அடி நடுமரத்தை தூரோட விட்டுட்டு அறுத்தா, கவுந்தாலும் அந்த நீளம் தரையில குத்தி நிறுத்தும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். தூர் உக்காந்து அசையாம நின்ன பின்னாடி மிச்சத்தை அறுத்துக்கலாம்.

கொட்டாய் மேல இருக்குற உச்சி. சீட்டு மேல ஒரு ஆளும் ஏறக் கூடாது, பழைய சிமெண்ட் சீட்டு அடியில கட்டை இருக்குற எடம் தவிர எங்க மிதிச்சாலும் உள்ள போயிரும், இப்ப மரம் வேற விழுந்து எங்க விரிசல் விட்டிருக்குன்னு தெரியாது. உள்ளயும் யாரும் போகக் கூடாது, தீவனம் எடுக்கப் போறேன், பால் கேன் எடுக்கப் போறேன்னு சித்தி கெளம்புவாங்க, புடிச்சு நிறுத்துங்க. ஏணி போட்டு நின்னு பவர் சா ஓட்டுறதைப் பாத்தீங்கன்னா உடனே நிறுத்தச் சொல்லுங்க. தோள் உயரத்துக்கு மேல பவர் சாவைத் தூக்குனாலே தப்பு, ஏணி மேல நின்னு தூக்குறது அதை விடப் பெரிய தப்பு, கொப்பு எடை போனதும் மரம் மேல எந்திரிக்கும், ஏணி சாஞ்சிருந்த எடமே இருக்காது. கொப்பை கயிறு போட்டு புடிச்சுக்கிட்டு, கைரம்பத்துலயோ கம்பு ரம்பத்துலயோ வெளிநுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா கழிச்சு எறக்கணும். நடுமரத்துக்கு அடியில கட்டையை அடுக்கி முட்டுக் குடுத்துட்டா எடை சீட்டுல இருந்து முட்டுக்கு மாறிரும், அப்புறம்தான் பெரிய துண்டு.

நடுமரத்தை அறுக்குற முறை தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு முனையும் தாங்கி நடு தொங்குனா மேல் பக்கம் அமுங்குது, அடிப்பக்கம் இழுபடுது. அமுங்குற பக்கத்தை முதல்ல ஒரு மூணுல ஒரு பங்கு அறுக்கணும், அறுத்த வாயி மூட ஆரம்பிக்கும்போதே வாளை எடுத்துட்டு ஆப்பு வெச்சு, அப்புறம் கீழ இருந்து மேல மெதுவா வந்து சேக்கணும். ஒரு முனை மட்டும் தாங்கி இன்னொண்ணு அந்தரத்துல தொங்குனா நேர் தலைகீழ், முதல்ல அடியில இருந்து மூணுல ஒரு பங்கு, அப்புறம் மேல இருந்து. இதைப் புரியாம மேல இருந்தே அறுத்துக்கிட்டே போறவங்களுக்குத்தான் வாள் மாட்டிக்கும் இல்ல மரம் பொளக்கும். பக்கவாட்டுல வளைஞ்சு கெடந்தா உள்வளைவு பக்கம் நின்னுக்கிட்டு அந்தப் பக்கத்தை முதல்ல அறுக்கணும், ஏன்னா விட்டதும் மரம் வெளிவளைவுப் பக்கம் உதைக்கும். சரிவுல வேலை பண்றவனுக்கு எப்பவும் மேல் பக்கம்தான் நிக்கணும்ங்கிறது இன்னொரு விதி. இந்த ரெண்டு விதியும் ஒண்ணுக்கொண்ணு முட்டுதுன்னு வைங்க, உள்வளைவு கீழ் பக்கமா இருக்குன்னு வைங்க, அப்ப அந்த எடத்துல அறுக்கவே கூடாது, வடம் போட்டு இழுத்து மரத்தோட கெடையை மாத்திட்டுத்தான் அறுக்கணும். இந்த ஒரு முடிவுக்குத்தான் தெரிஞ்ச ஆளு வேணும்ங்கிறேன், மெஷின் யாரு வேணா ஓட்டலாம்.

மரத்துக்கு அடியில தரையில குத்திக்கிட்டு நிக்கிற கொப்புங்க இருக்குல்ல, அதையும் கடைசி வரைக்கும் விட்டு வைக்கணும், அதுங்கதான் மரம் உருளாம தடுக்குது. அதே போல விழுந்த மரத்துக்கு அடியில வளைஞ்சு மாட்டிக்கிட்ட சின்னச் சீகைக் கன்னு, சில்வர் ஓக் கன்னு ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க, கட்டை விரல் கனம்தானேன்னு வெட்டிராதீங்க, வெட்டுனதும் வில்லு மாதிரி நிமிந்து அடிச்சு தாடையைப் பேத்துரும்.

பவர் சாவைப் பத்திக் கேக்கலன்னாலும் சொல்லிர்றேன், வாங்கி வெச்சிருக்காருல்ல, இன்னிக்கு இல்லாட்டியும் ஒரு நாள் எடுப்பாரு. முழு வேகத்துல செயின் செகண்டுக்கு 20 மீட்டருக்கு மேல ஓடுது. செயின் சுத்தி ஓடுற பாரோட (நீளத் தகடு) நுனியில மேல் பாதி எதையாவது தொட்டுச்சுன்னா வாளு கண்ணு மூடுறதுக்குள்ள மூஞ்சிக்கு எகிறி வரும், கொப்பு நெருக்கத்துக்குள்ள வாளை விடும்போது இதுதான் நடக்கும். செயின் பிரேக் வேலை செய்யுதான்னு தெனமும் பாக்கணும், எப்பவும் ரெண்டு கை, கட்டை விரல் முன்கைப்பிடியைச் சுத்தி இருக்கணும், கீழ வெச்சு மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணணும், தொங்க விட்டு இழுக்கக் கூடாது. ஹெல்மெட், கண்ணுக்கு வலை, காதுக்கு மஃப், புடிப்பான பூட்ஸ், அதுக்கும் மேல காலுக்கு பவர் சா பேண்ட்டுன்னு ஒண்ணு விக்குது, அதுக்குள்ள நீள நீளமா நார் வெச்சிருப்பாங்க, செயின் பட்டா அந்த நாரு உருவிக்கிட்டு வந்து சக்கரத்துல சுத்தி மெஷினை நிறுத்திரும். மெஷினுக்கு அவ்வளவு காசு குடுக்குறோம், இந்தப் பேண்ட்டுக்கு மட்டும் நம்ம ஆளுங்களுக்கு மனசு வராது. லுங்கி, மப்ளர், தொங்குற சுவெட்டர், இதெல்லாம் போட்டுக்கிட்டு பவர் சா பக்கத்துலயே போகக் கூடாது, குளிருதுன்னா குளிரட்டும். செயின் மொட்டையா இருந்தா செதிலுக்குப் பதிலா மாவா வரும், அப்ப நிறுத்தி அரம் போடணும், அமுக்கி அறுக்கக் கூடாது. தண்ணி போட்ட ஆளு அன்னிக்கு கயிறு கூட புடிக்க வேண்டாம். இதை நான் சொல்றதை விட நீங்க சொன்னா வீட்டுல எடுபடும்.

நேரம் காலையில வையுங்க. மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் எறங்கிரும், ரெண்டு ஆளு தள்ளி நிக்கிறவன் கையாட்டுறது தெரியாது. மெஷின் சத்தத்துல கூப்பிட்டாலும் கேக்காது, அதனால விசில் ஒண்ணு கழுத்துல தொங்கணும், ஒரு விசில்னா எல்லாரும் நிறுத்தணும்னு முன்னாடியே பேசிக்கணும். சரிவுல அறுக்குற எடத்துக்கு நேர் கீழ ஒரு ஆளும் இருக்கக் கூடாது, கொழுந்து பறிக்கிறவங்களும் சேத்து. அறுக்குற ஒவ்வொரு துண்டையும் அறுக்குறதுக்கு முன்னாடியே உருளாம அண்டை குடுத்து கயிறு போட்டுரணும், அறுத்த பின்னாடி புடிச்சுக்கலாம்னு நினைக்கிறதெல்லாம் சமவெளியில நடக்கும். காத்து அடிக்கிற அன்னிக்கு வேலையே இல்ல. மொத வேலையா எல்லாரும் மேல பாக்கணும், பக்கத்து மரத்துல முறிஞ்சு தொங்குற கொப்பு ஏதாச்சும் நிக்குதான்னு, அப்புறம் குளவிக்கூடு.

காசு ஜாஸ்தின்னு சொன்னீங்க. நியாயமான கவலைதான், ஆனா அதை வேற வழியில குறைக்கலாம். மொத்த வேலையையும் காண்ட்ராக்ட்டா பேசாதீங்க, பிரிச்சுப் பேசுங்க. கொட்டாய் மேல இருந்து எறக்குறது, நடுமரத்தைத் தரையில பத்திரமா துண்டா போடுறது, தூரை உக்கார வெக்கிறது, இந்த மூணு மட்டும் அவங்க. தரைக்கு வந்த சிம்பு, கொப்பு, எலை கழிக்கிறது, சுமக்குறது, வெறகா பொளக்குறது எல்லாம் உங்க வீட்டு ஆளுங்க. ஆளு கூலியில நல்ல பங்கு சுமையிலதான் போகும், அது மிச்சம். கட்டையை அவங்களுக்கே குடுத்துக் கழிச்சுக்கலாமான்னு கேளுங்க, பச்சைக் கற்பூர வெறகுக்கு ஆளு இருக்காங்க, எலையை தைலம் காய்ச்சுறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா அவங்களே வந்து அள்ளிட்டுப் போவாங்க, ஒதுக்குற வேலை மிச்சம். பேசும்போது நாலு கேள்வி கேளுங்க: வடமும் கப்பியும் சொந்தமா இருக்கா, ஹெல்மெட்டும் பேண்ட்டும் போடுவாங்களா, ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா, கொட்டாய்க்கு மேற்கொண்டு சேதம் ஆனா யாரு பொறுப்பு. பதிலை ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. ரொம்பக் கொறைச்சுக் கேக்குற ஆளு வடத்தை மிச்சம் புடிக்கிறான்னு வெச்சுக்கோங்க.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். ஒண்ணு, நீலகிரியில ஜேசிபி, பொக்லைன் இதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் பர்மிஷன் இல்லாம மண்ணுல எறக்க முடியாது, வண்டியும் மாட்டும் நீங்களும் மாட்டுவீங்க. அது கூடப் பரவால்ல, மழையில ஊறிப் போன சரிவுல தூரைத் தோண்டி எடுத்தா, இப்ப மண்ணைப் புடிச்சுக்கிட்டு இருக்குற மிச்ச வேரையும் சேத்து எடுத்துர்றீங்க. 2009 நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கமெல்லாம் மண்ணு எப்படி எறங்குச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல மழை கொட்டுனப்ப அந்தப் பக்கம் மரமும் மண்ணும் சேந்துதான் வந்துச்சு. உங்க பக்கத்துக்குப் பெரிய மழை இனிமேதான், ஐப்பசி கார்த்திகையில. அதனால தூர் குழிக்குள்ள திரும்பி உக்காந்ததும் அப்படியே விட்டுருங்க, சுத்தி இருக்குற சந்துல மண்ணைப் போட்டு மிதிச்சு விடுங்க, குழிக்கு மேல் பக்கம் ஒரு சின்ன வாய்க்கா வெட்டி மழைத்தண்ணி குழிக்குள்ள எறங்காம ஓரமா திருப்பி விடுங்க. வாய்க்கா வெட்டுற வேலைக்கு மட்டும் மரம் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு நினைச்சுராதீங்க, தூர் உக்காந்த பின்னாடிதான், அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் யாரும் மண்வெட்டியோட போகக் கூடாது. இப்போதைக்கு தூர விலகி நின்னு, குழிக்கு மேல நிலத்துல பிளவு ஓடுதான்னு மட்டும் பாருங்க. ஓடுச்சுன்னா வி.ஏ.ஓ.கிட்ட அன்னிக்கே சொல்லணும், கீழ இருக்குற வீட்டுக்காரங்க மழை நாள்ல வேற எடத்துல படுக்கணும். கற்பூரத் தூர் துளுக்கும், துளுத்தா கிள்ளி விட்டுக்கிட்டே இருங்க, மறுபடி மரமாக விடாதீங்க. அந்த எடத்துல நம்ம மலை நாவல் ஒண்ணு வெச்சு விடுங்க, மெதுவாத்தான் வரும்.

இன்னொரு விசயம், ஒரு பெரிய மரம் போனா அது மறைச்சுக்கிட்டு நின்ன மரத்துக்கெல்லாம் காத்து நேரா அடிக்க ஆரம்பிக்கும், அது வரைக்கும் அந்தக் காத்துக்குப் பழகாத மரங்க. மேல் ஓரத்துல வரிசையா இன்னும் கற்பூரமும் சில்வர் ஓக்கும் நிக்குதுன்னா ஒவ்வொண்ணோட அடியையும் பாருங்க: சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணு புதுசா பிளந்திருக்கா, அடியில காளான் ஏறியிருக்கா, ரோட்டுக்கு மண்ணு வெட்டும்போது ஒரு பக்க வேரை அறுத்திருக்காங்களா, போன வருசத்தை விட சாஞ்ச மாதிரி இருக்கா. அப்படி ஒண்ணு இருந்தா இப்ப குடுக்குற மனுவுலயே அதையும் சேத்து எழுதிக் குடுங்க, ரெண்டு தடவை ஆபீஸ் அலைய வேண்டாம். மழை வர்றதுக்குள்ள உத்தரவு கைக்கு வந்தா அதே ஆளுங்களை வெச்சு அதே கூலியில எறக்கிரலாம்.

ஒயரைக் கழட்டுன பின்னாடி எனக்கு மூணு போட்டோ அனுப்புங்க. கொட்டாய்க்குப் பக்கவாட்டுல தள்ளி நின்னு மரம் முழுசும் தெரியுற மாதிரி ஒண்ணு, எதிர்ச் சரிவுல இருந்து தூரும் குழியும் தெரியுற மாதிரி ஒண்ணு, கிட்டப் போகாம ஜூம் பண்ணியே எடுங்க, மூணாவது நடுமரம் தரையைத் தொடுற எடங்க. எந்தக் கொப்பு தாங்குது, எது சும்மா கெடக்குதுன்னு குறி போட்டு அனுப்புறேன், சும்மா கெடக்குறதை வீட்டுக்காரரும் மச்சானும் அருவாளும் கைரம்பமும் வெச்சு ஆரம்பிக்கட்டும்.